பூட்டிய வீட்டுக்கு வந்த கரண்ட் பில்

வெளிநாட்டில் இருக்கிறவன் கல்யாணத்துக்கு ஊருக்கு வருவான். சாவுக்கு வருவான். நான் கரண்ட் பில்லுக்கு வந்தேன்.

மஸ்கட் பக்கம் எங்கள் கேம்ப். சாரம் கட்டுகிற வேலை. ரூமில் ஏசி பகலும் இரவும் ஓடும். அணைத்தால் கூட இருப்பவர்கள் அடிக்க வருவார்கள். அந்தக் கரண்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் நான் கட்டி, பூட்டி, ஆளே இல்லாமல் கிடக்கிற வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனில் பில் வந்துவிடும். இருக்கிற இடத்தில் இலவசம். இல்லாத இடத்தில் பில். வெளிநாட்டு வாழ்க்கை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

முதலில் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று வந்தது. பிறகு கொஞ்சம் வந்தது. பிறகு நிறைய. என் மகள் வளர்வதையும் நான் போனில்தான் பார்க்கிறேன். பில் அவளைவிட வேகமாக வளர்ந்தது.

கடைசியாக வந்த பில்லை ரூமில் இருந்த மலையாளியிடம் காட்டினேன்.

"வீட்டில் எத்தனை ஏசி?" என்று கேட்டார்.

ஏசி இல்லை என்றேன்.

"எத்தனை பேர்?"

யாரும் இல்லை என்றேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் லீவு போட்டேன்.

முதல் நாள் இறங்கியது திருநின்றவூரில். மகள் படிப்புக்காக என் மனைவி ஷீலா அங்கே வாடகைக்கு இருக்கிறாள். மகள் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன்ல பாத்தா உயரமா தெரிஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வரவேற்பு அவ்வளவுதான்.

ஷீலா இட்லி வைத்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. கேம்பில் இட்லி என்று ஒன்று போடுவார்கள். சாரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கலாம். அதைத் தின்ற வாய்க்கு இது வேறு ஜாதிச் சாமான்.

"அக்கா அனுப்புன மாவு" என்றாள் ஷீலா. "ரயில்ல தெரிஞ்சவங்க யாராவது வந்தா குடுத்தனுப்பும். அந்த ஒரு விஷயத்துல குத்தம் சொல்ல முடியாது. மத்ததுக்கு வரேன்."

வந்தாள். அக்கா என்பது என் அக்கா எஸ்தர். என்னைவிட மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு ஷீட் வீட்டில் இருக்கிறாள். மாவு அரைத்து விற்கிறாள். என் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.

"பூட்டுன ஊட்ல பேயா குடியிருக்குது? அந்த சாவி யார் கைல கீதோ அவங்கள கேக்கணும். நீங்க கேக்க மாட்டீங்க. அக்கான்னா வாயில கொழுக்கட்டை. தா பாருங்க, போய் சாவிய வாங்கினு வாங்க. கம்பெனி ஸ்டாஃப் யாருக்காவது வாடகைக்கு விடலாம். இந்தப் பொண்ணு ஸ்கூலுக்காவது ஆவும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. சாவியைக் கொடுத்தது நான். திருப்பி வாங்க வேண்டியதும் நான். உடன்பிறந்தவளிடம் சாவியைத் திருப்பிக் கேட்டால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே தின்றேன். புகார் காரமாக இருந்தது. சட்னி அவ்வளவு இல்லை.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி ஏறினேன். எதிரில் ஒடிசாக்காரர் ஒருவர், பெரிய மீசை, மடியில் புது இண்டக்ஷன் அடுப்பு அட்டைப்பெட்டியோடு. போனில் அவர் அம்மாவோடு ஒடியா கலந்த இந்தியில் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு இந்தி கேம்ப் சொல்லிக்கொடுத்தது.

"ஆமாம் அம்மா, நன்றாக இருக்கிறேன். சாப்பாடா? இங்கே எல்லாத்திலும் புளியைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். நாங்களே சமைத்துக்கொள்கிறோம். இல்லை, கேஸ் இல்லை. கரண்ட்தான். கரண்டுக்கு இங்கே யாரும் காசு கேட்பதில்லை. நல்ல ஊர்."

மஸ்கட்டில் இருந்து நானும் என் ஊருக்கு இதையேதான் சொல்வேன். மனுஷனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அத்திப்பட்டு வந்தபோது ஜன்னலில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. கரண்ட் அங்கே பிறக்கிறது. என் வீட்டில் வந்து பெரியதாகிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பொன்னேரி தாண்டி வண்டி நின்றது. நடுவயலில். எக்ஸ்பிரஸ் போகட்டும் என்றார்கள். போயிற்று. இன்னொன்று போகட்டும் என்றார்கள். அதுவும் போயிற்று. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கீழே குதித்துத் தண்டவாளத்தோரம் நடக்க ஆரம்பித்தார்கள். ஓமனில் ரயிலே கிடையாது. அதனால் லேட்டும் கிடையாது. ஒன்று இல்லாமல் இருப்பதில் எவ்வளவு நிம்மதி என்று அப்போது தெரிந்தது.

ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ. மூன்று பேர் ஏறுகிற வண்டியில் ஒரு கம்பெனி ஷிஃப்டே ஏறியது. ஒடிசாக்காரரும் அதிலேயே ஏறினார். அவருடைய அடுப்பு என் மடிக்கு வந்தது. எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டான். தெருப் பேரைச் சொன்னேன். முழித்தான். வீட்டின் நிறத்தைச் சொன்னேன்.

"அட, எப்பவும் லைட்டு எரியுமே, அந்த ஊடா? மஸ்கட்காரு ஊடு! மொதல்லயே சொல்லக் கூடாதா? ராத்திரில அத வெச்சித்தான் நாங்க திரும்புவோம்."

என் வீடு கலங்கரை விளக்கமாக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இறக்கிவிட்டான். ஒடிசாக்காரரும் அங்கேயே இறங்கி, தன் அடுப்பை வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்குப் பின்னால் போனார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் நைனாவின் ரூம்கள் இருக்கின்றன. நைனா வீட்டில் தெலுங்கு பேசுவார். பார்க்கிறவனை எல்லாம் நைனா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே அவர் பேராகிவிட்டது. வரிசையாக ஷீட் ரூம் போட்டு, சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக்காரர்களுக்கு விட்டிருக்கிறார்.

என் வீட்டில் பூட்டு தொங்கியது. சத்தம் இல்லை. லைட்டும் இல்லை. அன்றைக்குப் பராமரிப்பு வேலைக்காக ஏரியா முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். வீடு நல்ல பிள்ளை மாதிரி நின்றது. அக்கா வீட்டிலும் பூட்டு. உளுந்து வாங்கப் பொன்னேரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன் எடுக்கவில்லை.

சும்மா நிற்பானேன் என்று கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கேதான் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன்.

கவுன்டரில் ஒரு அம்மா. பொறுமையானவர். அட்டையால் விசிறிக்கொண்டே எனக்குப் பில்லை விளக்கினார்.

"மொதல் நூறு யூனிட் ஃப்ரீ. அப்பறம் ஏற ஏற ரேட்டு ஏறும். ரொம்ப மேல போயிட்டா கீழ இருக்கறதுக்கும் சேத்து ஏறிடும். உங்களோடது ரொம்ப மேல போயிருக்குப்பா."

"ஊட்ல யாருமே இல்லம்மா."

"யாரும் இல்லாமலா மீட்டர் ஓடுது?"

"அதான் நானும் கேக்கறேன்."

முதல் கிளாஸைச் சும்மா ஊற்றி, அடுத்த கிளாஸ் கேட்டால் முதல் கிளாஸுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிற கடை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனாலும் புரிந்தது. ஒரே மீட்டரில் நிறையக் குடித்தால் பில் ஏறத்தான் ஏறும்.

"மீட்டர் வேகமா ஓடுதுன்னு சந்தேகமிருந்தா எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. வேற யாராவது உங்க லைன்ல எடுத்தாங்கன்னா அதுவும் மாட்டும். வீட்டு லைன்ல கடை நடத்தினாலும் மாட்டும். ஃபைன் போட்டு லைன கட் பண்ணிடுவாங்க."

"நல்லா பண்ணுங்கம்மா" என்றேன். எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுத்து வராது. அன்றைக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அக்கா வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கட்டிப் பிடிக்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

"இன்னாடா எளச்சிக் கீற. நாஷ்டா துன்னியா?" என்றாள். இடுப்பில் இருந்து சாவியை எடுத்து என் வீட்டைத் திறந்தாள்.

ஹாலில் சோபா போட வேண்டிய இடத்தில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் நின்றன. டிவிக்கு என்று நான் பார்த்துப் பார்த்து அடித்த மேடையில் உளுந்து மூட்டை. மூலையில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர். தரை ஈரம். வீடு முழுக்கப் புளித்த வாசனை. சுவரில் நாங்கள் மாட்டிய ஏசு படம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதிலும் ஒரு மூலையில் மாவு.

"இன்னாக்கா இது?"

"கிரைண்டரு. பாத்ததில்ல?"

"இது என் ஊடு."

"நான் உன் ஊடு இல்லன்னா சொன்னேன்? என் ஊட்ல ஷீட்டு. இத ஓட்டுனா கூரையே ஆடுது. கம்பெனில பேக்கிங் வேலை போச்சுன்னு உனுக்குப் போன்ல சொன்னேனா இல்லியா? அப்பால நான் இன்னா பண்றேன்னு நீ கேட்டியா? பூட்டுன ஊட்ல கரையான் ஏறும்டா. ஆள் நடமாடணும். நான் நடமாடறேன்."

"பில்லு எங்க போயினு கீதுன்னு தெரியுமா?"

"பில்லு உனுக்குத்தானே வருது. எனுக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமான பேச்சுதான். அக்காவுக்குப் பில் போவதில்லை. எனக்குக் கிரைண்டர் சத்தம் வருவதில்லை. ஆளுக்குப் பாதி தெரியும். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

நான் கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அக்கா உளுந்துப் பையைக் கீழே வைத்தாள்.

"யார்றா உன்ன எழுதச் சொன்னது? ஸ்கூல்ல வாத்தியார் எழுத சொன்னப்போ ஒரு வார்த்த எழுதல. இப்ப வந்துட்டான் எழுதறதுக்கு."

"எனுக்குத் தெரியுமா நீ உள்ள கட நடத்தறேன்னு?"

"லைன கட் பண்ணா நான் எங்கடா போவேன்? இந்த மாவ வுட்டா எனுக்கு இன்னா கீது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனுவைத் திருப்பி வாங்க ஓடினேன். ஆபீசை மூடியிருந்தார்கள். திருடனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தது நான். மீட்டர் என் பேரில். மாட்டப் போவதும் நான். கடை போகப் போவது அக்காவுக்கு. இவ்வளவையும் ஒரே தாளில் செய்து முடித்திருந்தேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. கிரைண்டர் உறுமியது. இரண்டு கிரைண்டரும் ஒரு ஃப்ரீசரும் இவ்வளவு தின்னுமா என்று எனக்குச் சந்தேகம்.

"என்னிது அவ்ளோ இல்லடா" என்றாள் அக்கா. வேறு பக்கம் பார்த்தாள்.

"வேற யாரு?"

"கேட்டாங்க. குடுத்தேன். ஒரே ஒரு ஒயருதான்."

யார் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். சரி என்று வாசலுக்குப் போய் மெயினை இறக்கினேன். ஒரு ஸ்டூலைப் போட்டுக் குந்தினேன்.

அந்த நேரத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கரில் ஒருவன் கூழ் வார்ப்பதைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தான். ஆடி மாசம். "பக்த கோடிகளே, பாத்திரத்தோட வ…" என்றான். அதோடு நின்றது. தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் லைட் எரிந்தது. அம்மன் மட்டும் இருட்டில்.

முதலில் வந்தது கோயில் காரியம் பார்க்கிற பூபாலன். கையில் மைக்கோடு வந்தான்.

"அண்ணே, நீயா! எப்ப வந்த? கரண்ட் போச்சாண்ணே?"

"எல்லார் ஊட்லயும் கீது."

பூபாலன் தெருவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெயினைப் பார்த்தான்.

"ஒரே ஒரு ஒயருதாண்ணே. ரவ சீரியல் லைட்டு, ஒரு ஸ்பீக்கரு. அக்காதான் எடுத்துக்கோன்னுச்சு."

"நாங்க வேதக்காரங்க பூபாலா."

"அம்மன் அதெல்லாம் பாக்க மாட்டாண்ணே."

பெரிய மனசு. அவன் நின்றுகொண்டிருக்கும்போதே பின்பக்கம் இருந்து நைனா வந்தார். அவருக்குப் பின்னால் காலையில் ரயிலில் பார்த்த ஒடிசாக்காரர். கையில் சோற்றுப் பானை. பாதி வெந்திருந்தது.

"ஏம் நைனா, சௌக்கியமா? கரண்டு கொஞ்சம் பேஜார் பண்ணுது போல" என்றார் நைனா.

"உங்க ரூமுக்குன்னு லைன் கீதே?"

"கீது, கீது. அதுல அவுனுங்க எல்லாம் அடுப்பு வெச்சா என் பில்லு ஏறிடுது நைனா. அதான் அடுப்புக்கு மட்டும் இந்தாண்ட ஒரு ஒயரு. ஒரே ஒரு ஒயரு. நீ மஸ்கட்ல கீற. உனுக்கு அந்த டப்பு ஒரு டப்பா?"

ஒடிசாக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். பானையைக் காட்டி இந்தியில் கேட்டார்: "அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெந்துவிடும். அப்புறம் அணைத்துக்கொள்ளுங்கள்."

அந்தத் தெருவில் அன்றைக்கு மரியாதையாகக் கேட்டது அவர் ஒருவர்தான். மெயினை ஏற்றினேன். "…ரவும்" என்றது ஸ்பீக்கர்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதற்கு நேரம் இல்லை. காலையில் இன்ஸ்பெக்டர். மூன்று பேரையும் வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். நைனாவுக்கு முகம் சுருங்கியது.

"நீயே எழுதிக் குடுத்தியா? உன் ஊட்டு மேல நீயேவா?" என்றார். பிறகு பூபாலனிடம் திரும்பி, "வெளிநாடு போனா புத்தி கலங்கிப் போவுதுடா" என்றார்.

ஒயர்களைச் சுருட்டினார்கள். சுருட்டச் சுருட்ட வந்தது. ஒரே ஒரு ஒயர் எவ்வளவு நீளம் போகும் என்று கண்ணால் பார்த்தேன். என் முருங்கை மரத்தில் ஏறி, நைனா சுவரில் இறங்கி, ஒவ்வொரு ரூமிலும் நுழைந்து வெளியே வந்திருந்தது. நான் சாரத்துக்குக் கயிறு கட்டுகிறவன். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மனுக்கு ஜெனரேட்டர் வைத்துவிடலாம் என்றான் பூபாலன். அதை முதலிலேயே வைத்திருக்கலாமே என்றேன்.

"அதுக்கு டீசல் போடணுமேண்ணே" என்றான்.

கிரைண்டரைத் தூக்கி ஒளிக்க முடியாது. ஃப்ரீசரையும். அக்கா எல்லாவற்றையும் கழுவி, ஒரு கிரைண்டர் மேல் மெத்தை விரிப்பைப் போர்த்தி, என் பெட்டியை அதன் மேல் வைத்தாள். இன்னொன்றின் மேல் பைபிளை வைத்தாள். ஃப்ரீசர் மேல் படுக்கை போட்டாள். ஏசு படத்தைத் துடைத்தாள். மாவு அரைக்காமல் அவள் படுத்தது அன்றைக்கு ஒரு நாள்தானாம்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு. சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். மீட்டரில் ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மீட்டர் சரியா இருக்கு. வீட்ல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல சார்" என்றேன்.

"ஜெபத்துக்குத் தொறப்போம்" என்றாள் அக்கா. வாழ்க்கையில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். படுக்கையைப் பார்த்தார். விரிப்புக்குக் கீழே தெரிந்த கிரைண்டர் காலைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

அப்போதுதான் கேட் திறந்தது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கையில் தூக்கு.

"எஸ்தரக்கா, மாவு!"

"இன்னிக்கு இல்ல, போ" என்றாள் அக்கா, வாய் அசையாமல்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இன்னொருத்தி. குண்டான், டப்பா, பிளாஸ்டிக் வாளி. ஒடிசாக்காரர்கூட ஒரு சொம்போடு வந்து நின்றார். புளி ஊற்றாதது இட்லி ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாவு ஏன் இல்லை என்று ஆளுக்கு ஒரு சத்தம்.

"பிள்ளைங்களுக்கு இன்னாத்த குடுக்கறது?"

"நேத்தே சொல்ல மாட்டியா? ஊற வெச்சிருப்பேனே."

நான் அபராதத்துக்கு எத்தனை மாதம் சாரம் கட்ட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அக்காவைப் பார்த்தேன். அவள் ஏசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்த பெண் இன்ஸ்பெக்டரை உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க தண்ணி டேங்கு பக்கத்து ஊடுதானே? உங்க ஊட்டம்மா இப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னால வந்து பாத்துட்டு வெறுந்தூக்கோட போச்சே. இன்னிக்கு உங்க ஊட்லயும் ஒண்ணியும் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் கருவியைப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். அது மாட்டிக்கொண்டது. மறுபடியும் இழுத்தார்.

"மீட்டர் வேகமா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. மீட்டரப் பாத்தேன். சரியா இருக்கு. படுக்கையப் பாக்கச் சொல்லி நீங்க எழுதல" என்றார் என்னிடம். பிறகு அக்காவிடம் திரும்பினார். "அம்மா, கடைன்னா கடை லைன் வாங்கணும். உங்க பேர்ல. எழுதிக் குடுத்தா வந்துடும். அடுத்த தடவ வரும்போது நான் விரிப்பத் தூக்கிப் பாப்பேன்."

வாசல் வரை போய் நின்றார்.

"சாயங்காலம் மாவு இருக்குமா?"

"இருக்கும் சார்" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு அக்கா பைபிளை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, கிரைண்டரைக் கழுவ ஆரம்பித்தாள். நான் பின்னால் போய் நைனாவின் ஒயரை இனிமேல் ஒட்டவைக்க முடியாதபடி வெட்டி, துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்தேன். பூபாலன் மறுபடியும் மாட்டிய கோயில் ஒயரை மட்டும் விட்டுவிட்டேன். நைனா கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்புக்கு இனி ரூமுக்கு ரூம் தனியாகக் காசு வாங்கிவிடுவேன் என்றார். யாரிடம் வாங்குவார் என்பது தெரிந்ததுதான். ஒடிசாக்காரரிடம் நான் போய்ச் சொன்னேன், உங்கள் நல்ல ஊர் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது என்று. அவர் சிரித்தார். பழக்கம்தான் என்றார்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அக்கா என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் மாவு கேன். ரயில் வரும் நேரத்தில் இடுப்பில் இருந்து சாவியை எடுத்தாள்.

"இந்தா. உன் பொண்டாட்டி கைல குடு. அவ சொல்லித்தான் வந்திருப்ப. எனுக்குத் தெரியாதா?"

நான் வாங்கவில்லை.

"ஹாலு கடைக்கு வெச்சிக்கோ. லைனு உன் பேர்ல போட ஓனர் கையெழுத்து கேப்பாங்களாம். போட்டு வெச்சிருக்கேன். எழுதறத நீ எழுது."

"வாடகை தருவேன்" என்றாள்.

"வேணாம்."

"தருவேன்டா. ஓசில குந்திக்கினு கீறதுக்கு நான் இன்னா அம்மனா?"

சாவி அவள் இடுப்புக்கே போயிற்று. நான் ரயிலில் ஏறினேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பாசம் காட்டினால் உடம்புக்கு ஏதோ என்று நினைப்பார்கள்.

வெயில். கூட்டம். கேனைத் தலைக்கு மேல் சாமான் வைக்கும் இடத்தில் வைத்தேன். மாவு சூட்டில் பொங்கும் என்று தெரியாதா என்றால், தெரியும். மறந்துவிட்டேன். மீஞ்சூர் தாண்டி மூடி பட்டென்று திறந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் முதலில் அவருக்கே தெரியவில்லை. தோளில் ஜில்லென்றதும் எழுந்தார்.

"இன்னாய்யா இது, சிமெண்ட்டா?"

"மாவு."

விரலால் தொட்டுப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"எந்தக் கடை?"

சொன்னேன். திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எப்போதும் லைட் எரிகிற வீடு என்றேன்.

திருநின்றவூரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிச்சம் இருந்த மாவில் இட்லி. மகள் தின்றாள். ஷீலா தனக்கும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்."

"யாரு?"

அவள் தட்டைக் காட்டினேன்.

ஷீலா தட்டைப் பார்த்தாள். மூலையில் இருந்த கேனைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

"கிரைண்டரு நம்ம ஊட்லயா ஓடுது?"

"ஹால்ல."

"எப்பலேந்து?"

"இட்லி நல்லாருக்க ஆரம்பிச்சதுலேந்து."

வாயில் இருந்ததை மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மென்றாள்.

"சாவி?"

"அக்கா கைல. வாடகைக்கு விட்டாச்சு. அக்காவுக்குத்தான்."

திட்டு வரும் என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டேன். மகள் இன்னொரு இட்லி என்றாள். ஷீலா வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

"வேற யாரு எடுத்தாங்க?"

"நைனா. ஒயர வெட்டிட்டேன். அப்பறம் அம்மன் கோயில்."

"அதையும் வெட்டிட்டீங்களா?"

"ஆடி போவட்டும்."

அவள் ஒரு துண்டு இட்லியைச் சட்னியில் துடைத்தாள்.

"கடை லைனு எப்ப வரும்?"

"எழுதிக் குடுத்தா வருமாம்."

"யாரு எழுதனாங்க? நீங்களா?"

"அக்கா."

"அப்ப வரும்" என்றாள் ஷீலா.